மண்ணை நம்பிய மனையறம்

யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி வீதி வழியே தெற்கு நோக்கிப் பயணஞ் செய்வோர், ஆனையிறவுக் கடல்நீரேரியைக் கடந்து சிறிது தூரத்திற் பரந்தன் சந்தியை அடைவர். எரிசோடாவும் குளோரினும் செய்த இரசாயனத் தொழிற்சாலை ஒருகாலத்தில் இயங்கிய ஊர் அது. அச்சந்தியிலிருந்து கிழக்கே பிரிந்து முல்லைத்தீவுக் கடற்கரையை நோக்கிச் செல்கிறது ஏ-35 என்னும் நெடுஞ்சாலை. சுமார் 50 கிலோமீட்டர் நீளமுள்ள அவ்வீதியின் தொடக்கத்தில், இரணைமடு நீர் பாயும் வயல்கள் விரிந்து கிடக்கின்றன. முரசுமோட்டை, புளியம்பொக்கணைச் சந்தி, தர்மபுரம் என்று ஊர்கள் ஒவ்வொன்றாய்ப் பின்செல்ல, வயல்களின் பசுமை குறைந்து மேட்டு நிலமும் காடும் தோன்றுகின்றன. பாதி வழி செல்லுமுன்னரே விசுவமடு வந்துவிடுகிறது.

பஸ்ஸிலிருந்து இறங்கும் வழிப்போக்கனுக்கு இவ்வூரிற் காண்பதற்கென ஒன்றுமில்லை என்றே தோன்றும். வானளாவிய கோபுரமில்லை, பழங்கோட்டையில்லை, கடலுமில்லை. வீதியின் இரு மருங்கும் கடைகள், ஒரு பாடசாலை, உர மூட்டைகளை ஏற்றி நிற்கும் உழவு இயந்திரங்கள், சைக்கிளிற் செல்லும் சிறுவர், புழுதி. ஆயினும் மன்னர் கட்டிய ஊர்களைக் காண்பதற்கு ஒரு கண் வேண்டுமாயின், சாதாரண மனிதர் தங்கள் கைகளால் ஆக்கிய ஊரைக் காண்பதற்கு வேறொரு கண் வேண்டும். விசுவமடு இரண்டாம் வகையைச் சேர்ந்த ஊர். ஒரு முறையன்று, இரு முறை ஆக்கப்பட்ட ஊர்.

மாதச் சம்பளத்தை நம்பாது, பிறர் வாசலிற் கைகட்டி நில்லாது, கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு தொழிலைத் தமதாக்கிக் கொண்டு வாழ்வது இந்நாளில் இயலுமா? இந்த வினாவுக்கு விடை தேடிச் செல்வோருக்கு வன்னியில் இதனினும் தகுந்த இடம் கிடைப்பது அரிது.

பெயரும் நீரும்

வன்னியின் ஊர்ப் பெயர்களைக் கூர்ந்து நோக்கினால் அவை யாவும் நீரைப் பற்றியே பேசுவதை உணரலாம். இரணைமடு, கல்மடு, விசுவமடு என்பன மடுக்கள். முத்தையன்கட்டு, உடையார்கட்டு என்பன கட்டுகள். தண்ணிமுறிப்பு என்பது முறிப்பு. நெத்தலியாறு, பிரமந்தனாறு என்பன ஆறுகள். மழை பெய்யும் மாதங்கள் சிலவே. ஐப்பசியிலே தொடங்கும் வாடைப் பருவ மழை தை மாதத்தோடு ஓய்ந்துவிடும். பிறகு நீண்ட கோடை. ஆகவே நீர் தங்கும் பள்ளமெதுவோ அதுவே ஊருக்குப் பெயராயிற்று. அதுவே ஊருக்கு உயிருமாயிற்று.

பழைய பெயர்களுக்கிடையே புதிய பெயர் ஒன்றும் இங்கே வேரூன்றியுள்ளது. விசுவமடுவில் ஒரு சந்திக்கு ‘ரெட்பானா’ என்று பெயர். தமிழுமல்லாத, ஆங்கிலமுமல்லாத இச்சொல் யாதென வியப்போர் பலர். நோர்வே நாட்டிலிருந்து வந்து பணியாற்றிய சிறுவர் நலத் தாபனம் ஒன்றின் பெயரே அது. ‘குழந்தைகளைக் காப்பாற்றுங்கள்’ என்பது அதன் பொருள். தாபனம் போய்விட்டது. பெயர் மட்டும் பஸ் நடத்துநரின் வாயிலும் கடைகளின் பெயர்ப் பலகைகளிலும் தங்கிவிட்டது. எத்தனை விதமான மனிதர் வந்து சேர்ந்து இவ்வூர் உருவாயிற்று என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

படித்த வாலிபர் காட்டுக்கு வந்த கதை

“கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்” என்பது யாழ்ப்பாணத்தார் நன்கறிந்த பழமொழி. அரசாங்க உத்தியோகமே வாழ்வின் பயன் என்று பல தலைமுறைகளாகக் கருதிய சமூகம் அது. பிள்ளை எஸ்.எஸ்.சி. சித்தியெய்தினால் எழுதுவினைஞர் பரீட்சை. அதிலும் தேறினால் கொழும்பில் ஓர் அறை, மாதச் சம்பளம், நல்ல சீதனம், இறுதியில் ஓய்வூதியம். இந்தப் பாதை 1956 ஆம் ஆண்டின் அரச கரும மொழிச் சட்டத்தோடு குறுகலாயிற்று. 1960களில் படித்துவிட்டு வேலையின்றித் திண்ணையில் இருந்த வாலிபரின் தொகை நாடெங்கும் பெருகிற்று.

1965 இல் ஆட்சிக்கு வந்த டட்லி சேனாநாயக்காவின் அரசாங்கம் உணவு உற்பத்தியை முதன்மையான கருமமாகக் கொண்டது. அக்காலத்தில் வகுக்கப்பட்டவையே படித்த வாலிபர் குடியேற்றத் திட்டங்கள். நெல்லை மட்டும் நம்பும் பழைய கொலனிகளைப் போலன்றி, மிளகாய், வெங்காயம் முதலிய பணப்பயிர்களைச் செய்வது இவற்றின் நோக்கம். முத்தையன்கட்டில் குளத்து நீரைப் பொறியால் மேட்டு நிலத்துக்கு ஏற்றிப் பாய்ச்சினர். விசுவமடுவிலும் காடு வெட்டப்பட்டது. பாலையும் வீரையும் முதிரையும் நின்ற இடத்தில் பேனா பிடித்த கைகள் மண்வெட்டி பிடித்தன.

அது இலகுவான மாற்றமன்று. நுளம்பு, காய்ச்சல், யானை, தனிமை ஆகிய நான்கும் அவ்வாலிபருக்கு முதலில் அறிமுகமான அயலவர். “காட்டுக்குப் போனவனுக்குப் பெண் கொடுப்பதா?” என்று கேட்ட பெற்றோரும் உண்டென முதியோர் கூறுவர். ஆயினும் பெண்கள் வந்தனர். மிளகாய்த் தோட்டம் தனியொருவனால் ஆகக்கூடியதன்று. நாற்றுமேடை போட வேண்டும், ஏறத்தாழ ஒரு மாதக் கன்றைப் பிடுங்கி நட வேண்டும், இறைக்க வேண்டும், களை பிடுங்க வேண்டும், பழம் பழுத்தபின் வாரந்தோறும் பறிக்க வேண்டும், பறித்ததைப் பாயிலிட்டு உலர்த்த வேண்டும், மழை குமுறினால் ஓடிவந்து அள்ள வேண்டும். நான்கு கைகள் இல்லாத வீட்டில் செத்தல் மிளகாய் இல்லை. காடு வெட்டியவர் வாலிபர். அதை ஊராக்கியவர் அவர்களை நம்பி வந்த மனைவியர் என்று கூறுவது மிகையாகாது.

ஏற்றமும் இறக்கமும்

1970க்கும் 1977க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசாங்கம் மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு ஆகியவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்திற்று. நாட்டில் அரிசியும் பாணும் அரிதாய் மக்கள் அல்லலுற்ற அதே வேளையில், வடபகுதித் தோட்டக்காரனின் செத்தல் மூட்டைக்கு முன்னொருபோதும் இல்லாத விலை கிடைத்தது. அந்நாளைய மிளகாய்க் காசில் கல்வீடு கட்டியோரும் உழவு இயந்திரம் வாங்கியோரும் உண்டு. உத்தியோகம் கிடையாதவன் என்று இரங்கப்பட்டவனிடம், உத்தியோகத்தில் இருந்த தமையன் கைமாற்றுக் கேட்டு வந்தான். ஒரு சமூகத்தின் மதிப்பீடுகளைப் புத்தகங்களால் மாற்ற முடியாதவிடத்து மிளகாய் மாற்றிற்று எனலாம்.

அந்த வாழ்வு நெடுநாள் நிலைக்கவில்லை. 1977 இல் வந்த திறந்த பொருளாதாரக் கொள்கையோடு இறக்குமதி மிளகாய் மீண்டும் சந்தையை நிரப்பிற்று. அதே ஆண்டு ஆவணியில் நிகழ்ந்த இனக் கலவரத்தால் மலையகத் தோட்டங்களை விட்டு வெளியேறிய குடும்பங்கள் வன்னியை நாடி வந்தன. மருத்துவர் இராஜசுந்தரமும் கட்டடக் கலைஞர் டேவிட்டும் முன்னின்று நடத்திய காந்தீயம் இயக்கம் அத்தகையோர் பலர் வன்னியிற் குடியமர உதவிற்று. தர்மபுரம், விசுவமடு முதலிய இடங்களில் யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரனும் மலையகத்துத் தொழிலாளியும் அயலவராயினர். சிற்சில இடங்களிற் சம்பந்திகளுமாயினர்.

அதன் பின் வந்த போர்க்காலத்தை விரித்துரைக்க இக்கட்டுரை இடந்தராது. 1990 இல் கண்டி வீதி மூடப்பட்டது. மண்ணெண்ணெய் பொன்னாயிற்று. சில துளி பெற்றோல் விட்டு முடுக்கி, மண்ணெண்ணெயில் ஓட்டிய இயந்திரங்களால் தோட்டங்கள் உயிர் பிழைத்தன. 1995 இல் யாழ்ப்பாணத்திலிருந்தும், 1996 இல் கிளிநொச்சியிலிருந்தும் இடம்பெயர்ந்தோர் இங்கே மரநிழல்களில் தங்கினர். 2002 சித்திரையில் வீதி திறந்தபோது மிளகாய் லொறிகள் மீண்டும் ஓடின; 2006 ஆவணியில் வழி மறுபடியும் அடைபட்டது. 2009 தை மாதத்தில் போர் இவ்வூரை வந்தடைந்தது. கல்மடுக் குளக்கட்டுத் தகர்க்கப்பட்டு வெள்ளம் பரவிற்று. ஊர் முழுவதும் கிழக்கு நோக்கி நடந்தது. நடந்தவர் யாவரும் திரும்பவில்லை. எஞ்சியோர் செட்டிகுளம் முகாம்களிற் கம்பி வேலிக்குள் ஓராண்டளவு கழித்தபின் படிப்படியாக மீண்டு வந்தனர்.

ஒரு குடும்பம்

அவ்வாறு மீண்டு வந்த ஒரு குடும்பத்தின் வளவுக்குள் நாம் சென்றபோது முற்பகல். வேலியோரத்திற் கச்சான் கொடிகள் குவிந்து கிடந்தன. நிலக்கடலையை இப்பகுதியார் கச்சான் என்றே வழங்குவர். மேற்கிலிருந்து வீசும் காற்றுக்கும் அதுவே பெயர். முற்றத்திற் படங்கு விரித்துப் பழமிளகாய் காயப் போட்டிருந்தது. அதன் செம்மை கண்ணைப் பறித்தது. நெடி தும்மலை வரவழைத்தது. குடும்பத் தலைவருக்கு வயது ஐம்பதை அண்மித்திருக்கும். அவருடைய தந்தையார் வாலிபர் திட்டத்தில் வந்தவர்களுள் ஒருவர். மனைவியார் தர்மபுரத்தில் வளர்ந்தவர். அவருடைய பெற்றோர் 1977 இன் பின் மலையகத்திலிருந்து வந்தோர். பெயர்களை வெளியிட வேண்டாமெனக் கேட்டுக் கொண்டமையால் இங்கே அவை தரப்படவில்லை.

2010 இல் இவர்கள் திரும்பியபோது காணியிற் காடேறியிருந்தது. கிணறு தூர்ந்திருந்தது. கையிலிருந்தவை தறப்பாள், சில தகரங்கள், ஆறு மாத உலர் உணவு, மீள்குடியேறிய குடும்பங்களுக்கு ஐக்கிய நாடுகள் அகதிகள் தாபனம் வழங்கிய 25,000 ரூபா ஆகியனவே. கணவர் மேசன் வேலைக்குச் சென்றார். மனைவியார் ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலைக்கமர்ந்தார். விடியுமுன் பஸ்ஸேறி இருட்டியபின் வீடு திரும்புவார். இரு சம்பளமும் வந்தன. பிள்ளைகள் உண்டனர், உடுத்தனர். குறையொன்றுமில்லை என்றே அயலார் எண்ணினர்.

“குறை என்னவெண்டு எங்களுக்கே தெரியேல்லை, ஐயா” என்றார் அந்த அம்மையார். “நான் ஒரு நாளைக்குச் சட்டையின்ரை ஒரு கையை மட்டுந்தான் தைப்பன். முழுச் சட்டையை ஆர் போடுறாரெண்டு தெரியாது. இவர் மற்றவையின்ரை வீட்டைக் கட்டிப்போட்டு வந்து தறப்பாளுக்குள்ளை படுப்பார். எங்கடை காணி பத்தையாய்க் கிடந்தது.”

விசுவமடுப் பகுதியில் போரின் பின் சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தின் பண்ணைகள் அமைந்தன. முன்னாட் போராளிகள் உட்படப் பலர் அங்கே மாதச் சம்பளம் பெற்றனர். அவ்வேலைக்குப் போகுமாறு உறவினர் இவரையும் தூண்டினர். போனவர்களை இவர் குறைகூறவில்லை. “வீட்டிலை அடுப்பெரிய வேணுமே” என்று அவர்களுக்காகவே பேசினார். ஆயினும் தந்தையார் காடு வெட்டிய நிலம் அருகிருக்க, இன்னொருவர் நிலத்தில் மணியடித்ததும் வேலை தொடங்கி மணியடித்ததும் நிறுத்துவதற்குத் தம் மனம் ஒப்பவில்லை என்றார். கணவனும் மனைவியும் பல இரவுகள் பேசினர். 2015 இல் இருவரும் வேலையை விட்டு நின்றனர்.

கடன் என்னுங் களை

சொந்தத் தொழில் என்றதும் மகிழ்ச்சியான கதையே எழுதப்படுவது வழக்கம். ஆனால் அவர்களின் முதலிரண்டு ஆண்டுகளும் துன்பமானவை. கிணறு இறைத்துத் தூர் அள்ளவும், நீரிறைக்கும் இயந்திரம் வாங்கவும், குழாய் பதிக்கவும் பணம் தேவைப்பட்டது. வங்கி பிணை கேட்டது. நுண்கடன் கொடுக்கும் கொம்பனி ஒன்றோ வீடு தேடி வந்து கொடுத்தது. அயற்பெண்கள் ஒருவருக்கொருவர் பிணை நிற்க வேண்டும். வாரந்தோறும் தவணை கட்ட வேண்டும். மிளகாய்க் கன்று காய்ப்பதற்கு இரண்டரை, மூன்று மாதங்கள் செல்லும்; தவணையோ நட்ட மறுவாரமே வந்துவிடும். பயிரின் காலமும் கடனின் காலமும் ஒன்றோடொன்று ஒவ்வாதவை என்பதை இதனினும் தெளிவாக விளக்க இயலாது.

2016 இல் வாடை மழை பொய்த்தது. அந்த வறட்சி 2017 இலும் தொடர்ந்தது. குளம் வற்றிற்று, கிணற்றில் அடிமண் தெரிந்தது. எஞ்சிய கன்றுகளை இலைச்சுருள் நோய் பற்றிற்று. தவணை பெற வந்தவர் பொழுதுபடும்வரை படியிலேயே குந்தியிருந்தாராம். பசு விற்கப்பட்டது, தாலிக்கொடி ஈடு வைக்கப்பட்டது. பிணை நின்ற அயற்பெண்களுக்கு முன்னாற் கடன் தவறக் கூடாது என்பதே அம்மையாரின் ஒரே கவலையாயிருந்தது.

2018 இல் அரசாங்கம் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட பெண்களின் நுண்கடன்களை இரத்துச் செய்யும் திட்டத்தை அறிவித்தபோது, இவர்கள் தமது கடனைக் கட்டி முடித்துவிட்டிருந்தனர். “கொஞ்சம் பொறுத்திருந்தால் மாடாவது மிஞ்சியிருக்கும்” என்று அயலார் கேலி செய்தனராம். அதைச் சொல்லிக் கணவர் சிரித்தார். மனைவியார் சிரிக்கவில்லை. “மாடு போனது போகட்டும். அண்டைக்குப் பிறகு எங்கடை படலையிலை ஒருத்தரும் வந்து குந்தேல்லை” என்றார்.

அடுப்பும் ஆலையும்

அந்த இழப்பிலிருந்து அவர்கள் கற்ற பாடங்கள் இரண்டு. ஒன்று, ஒரே பயிரை நம்பலாகாது. மற்றொன்று, விளைந்ததை விளைந்தபடியே விற்கலாகாது.

பச்சை மிளகாயைச் சந்தைக்குக் கொண்டு சென்றால் அன்றைய விலையே விலை. தம்புள்ளையில் வரத்து மிகுந்தால் கிளிநொச்சியில் விலை விழும். அதன் மேலும் ‘கழிவு’ என்றொரு வழக்கம் வடபகுதிச் சந்தைகளில் உண்டு; நூறு கிலோவுக்குப் பத்துக் கிலோவைக் கழித்தே கணக்குப் பார்ப்பர். அதை எதிர்த்து விவசாயிகள் பலகாலும் குரலெழுப்பியிருக்கின்றனர். இவற்றையெல்லாம் கருதி, கால் ஏக்கரில் மட்டும் மிளகாய் வைத்து, அதைப் பழுக்கவிட்டு உலர்த்தித் தூளாக்குகின்றனர். ஏறத்தாழ நான்கு கிலோ பழம் காய்ந்தால் ஒரு கிலோ செத்தல் கிடைக்கும். அதனோடு மல்லி, சீரகம், மிளகு முதலியவற்றை வறுத்துச் சேர்த்து ஆலையில் அரைப்பித்தால், அது யாழ்ப்பாணத்துக் கறித்தூளாகிவிடும். தூள் பழுதாகாது, நல்ல விலை வரும்வரை காத்திருக்கும். காத்திருக்கக்கூடிய பொருளை உடையவனே சந்தையில் நிமிர்ந்து நிற்பான் என்பது அவர்கள் அனுபவம்.

மற்றைய நிலத்திற் கச்சான். ஐப்பசி, கார்த்திகை மழையோடு ஊன்றினால் மாசியிற் பிடுங்கலாம். அதற்கு நீர் அதிகம் வேண்டியதில்லை; வேரிலுள்ள முடிச்சுக்கள் மண்ணுக்கு நைதரசன் சத்தையும் தரும். பிடுங்கிய கச்சானில் நல்லதைத் தெரிந்து, மணலிட்டு வறுத்துப் பொதி செய்கின்றார் அம்மையார். முறிகண்டிப் பிள்ளையார் கோவிலடியில் இறங்குவோர் கச்சான் வாங்காது செல்வதில்லை. வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கலுக்குச் செல்லும் அடியார் கூட்டமும் அப்படியே. அந்த இரு தலங்களையும் நம்பி வன்னியில் அடுப்பெரிக்கும் பெண்கள் பலர். அவர்களிற் சிலருக்கு இந்த வீட்டிலிருந்தே பொதிகள் போகின்றன.

2021 இல் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டபோது அயற்றோட்டங்கள் மஞ்சளித்தன. இவர்கள் கச்சான் கொடியையும் எருவையும் குழியிலிட்டு உக்கவைத்துத் தாக்குப்பிடித்தனர். விளைச்சல் குறைந்ததேயன்றி அழியவில்லை. அவ்வாண்டு கார்த்திகையில் தடை நீங்கிற்று. 2022 இல் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற காலத்தில் அரைவாசி நிலத்தைத் தரிசாக விட்டு மற்றைய பாதியைக் காப்பாற்றினர். “சம்பளக்காரருக்கும் அப்ப கஷ்டந்தானே” என்றார் கணவர். “அவை விலை ஏறினதைப் பாத்துக்கொண்டிருக்க வேண்டியதாப் போச்சு. நாங்கள் எதை விடுறது, எதை வைக்கிறது எண்டு நாங்களே யோசிச்சம்.” சுதந்திரம் என்பதற்கு இதனினும் எளிய விளக்கம் கிடைக்குமோ அறியோம். கஷ்டம் இல்லாதிருப்பதன்று அது. கஷ்டத்தின்போது முடிவு செய்யும் உரிமை தன் கையில் இருப்பது.

இரவுகளில் பன்றியும் குரங்கும், சில காலங்களில் யானையும் வரும். காவற் கொட்டிலில் முன்னிரவு மனைவியார், பின்னிரவு கணவர். “இஞ்சேரும், எழும்பும்” என்று ஒருவரையொருவர் எழுப்பி முறை மாற்றிக்கொண்டு விடியச் செய்த இரவுகளுக்குக் கணக்கில்லை.

உறுதியில் யார் பெயர்?

இவ்வளவு தூரம் இருவரும் ஒன்றாய் உழைத்த நிலத்தில் ஒருவர் பெயரே இருந்தது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். வன்னியின் குடியேற்றக் காணிகளிற் பெரும்பாலானவை 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அனுமதிப் பத்திரத்தால் வழங்கப்பட்டவை. பின்னுரித்தாளி நியமிக்கப்படாதவிடத்து, அச்சட்டத்தின் உரித்து வரிசையில் மகனுக்குப் பின்னரே மகள். தன் வாழ்நாள் முழுவதும் அந்நிலத்தில் உழைத்த மனைவிக்குக் கிடைப்பது ஆயுட்கால அனுபவ உரிமை மட்டுமே. ஆண் வாரிசுக்கு முன்னுரிமை தந்த அந்தப் பட்டியல் 2022 இல் நிறைவேற்றப்பட்ட திருத்தச் சட்டத்தால் மாற்றப்பட்டது. இச்செய்தியை அறியாத குடும்பங்கள் கிராமங்களில் இன்னும் பல. வன்னியில் போரினாற் கணவரை இழந்து குடும்பந் தாங்கும் பெண்கள் எண்ணற்றோர். அவர்களுக்கு இது வெறும் சட்ட நுணுக்கமன்று, குந்தியிருக்கும் நிலத்தின் கேள்வி.

இந்தத் தம்பதியர் வேறொரு வழியுங் கண்டனர். காணி கணவர் பெயரில். கறித்தூள், கச்சான் வியாபாரத்தின் பதிவும் வங்கிக் கணக்கும் மனைவியார் பெயரில். “காணி அவருக்கு அப்பா குடுத்தது. அடுப்பு நான் மூட்டினது” என்று அம்மையார் கூறியபோது கணவர் தலையசைத்து ஆமோதித்தார்.

வேறு நாட்டில் ஓர் உதாரணம்

மேல்நாடுகளிலும் இத்தகைய தேடல் நிகழ்ந்துள்ளது. அமெரிக்காவில் ஸ்கொட் நியரிங் என்ற பொருளியல் அறிஞர் தம் கொள்கைகளின் காரணமாக 1915 இல் பல்கலைக்கழகப் பதவியை இழந்தார். உலகப் பொருளாதாரம் வீழ்ந்து கிடந்த 1932 இல் அவரும் துணைவியார் ஹெலனும் நியூயோர்க் நகரை விட்டு வேர்மொன்ட் மலைப்பகுதியில் ஒரு பாழடைந்த பண்ணையை வாங்கிக் குடியேறினர். கல்லால் வீடு கட்டினர். உணவைத் தாமே விளைத்தனர். மேப்பிள் மரத்துச் சாற்றைக் காய்ச்சி விற்றுக் கைக்காசு தேடினர். உடலுழைப்புக்கு அரைநாள், வாசிப்புக்கும் எழுத்துக்கும் இசைக்கும் அரைநாள் என வகுத்து வாழ்ந்தனர். தம் அனுபவங்களை 1954 இல் நூலாக வெளியிட்டனர். ஸ்கொட் நியரிங் நூறு வயது வரை வாழ்ந்து 1983 இல் மறைந்தார்.

விசுவமடுத் தம்பதியருக்கும் அவர்களுக்கும் ஒற்றுமை உண்டு, வேற்றுமையும் உண்டு. நியரிங் தம்பதியர் நகரத்தை வேண்டாமென்று விட்டு வந்தனர். இவர்களோ எல்லாம் அழிந்தபின் எஞ்சியதிலிருந்து தொடங்கினர். ஆயினும் இரு வீடுகளிலும் ஓர் உண்மை பொது: விளைவது ஒன்று, காசாவது ஒன்று என இரண்டையும் தம் கையிலேயே வைத்துக் கொண்டமையே அவர்களை நிலைநிறுத்திற்று. அங்கே மேப்பிள் பாகு. இங்கே மிளகாய்த் தூள்.

மகனின் கேள்வி

இக்குடும்பத்தின் முன் இப்போது நிற்கும் கேள்வி பணத்தைப் பற்றியதன்று. உயர்தரப் பரீட்சை எழுதி முடித்த மூத்த மகன் வெளிநாடு செல்ல விரும்புகின்றான். அவனொத்த வாலிபர் பலர் முகவருக்குப் பணங் கட்டிவிட்டுக் காத்திருக்கின்றனர். அனுமதிப் பத்திரக் காணியை நினைத்தவாறு விற்க முடியாது. குத்தகைக்குக் கொடுத்து, வியாபாரத்தின் முதலையும் எடுத்தாலே அப்பணம் சேரும். பாட்டன் வெட்டிய காட்டையும், பெற்றோர் மீட்ட நிலத்தையும் விட்டுப் போவதா என்று உறவினர் மகனைக் கடிந்தனர்.

கடியாதவர் தாய் ஒருவரே. அவர் கூறிய காரணம் சிந்திக்கத் தக்கது. “நாங்கள் ஒருத்தருக்குக் கீழையும் இருக்கக் கூடாதெண்டுதான் இதைத் தொடங்கினம். இப்ப அவனை எங்களுக்குக் கீழை இருத்தினால் அது என்ன நியாயம்?” ஆகவே ஓர் ஏற்பாடு. வரும் காலபோகத்திற்குக் கால் ஏக்கர் நிலம் மகனின் பொறுப்பில் விடப்படும். எதை நடுவது, எங்கே விற்பது என்பன யாவும் அவன் முடிவு. இலாபமும் நட்டமும் அவனுடையவை. அதன் பிறகு போகவேண்டுமென்று தோன்றினாற் போகலாம். பெற்றோர் தம்மாலியன்றதைக் கொடுப்பர். மகன் கொடித்தோடை நடப் போவதாகச் சொல்கின்றான். தந்தைக்கு அதில் அவ்வளவு நம்பிக்கையில்லை. ஆயினும் வாய் திறப்பதில்லை என்று மனைவிக்கு வாக்களித்திருக்கின்றார்.

விசுவமடுவுக்கு முதலில் வந்த வாலிபரும், தம் பெற்றோர் சொல்லைக் கேட்டிருந்தால் எழுதுவினைஞர் பரீட்சைக்கே மீண்டும் மீண்டும் தோற்றியிருப்பர். தந்தையர் காட்டிய வழியை விட்டு விலகி வந்தவர்களாலேயே இவ்வூர் உண்டாயிற்று. அத்தகைய ஊரில், பிள்ளை தன் வழியைத் தானே தெரிந்துகொள்ளும் உரிமையை மதிப்பதே முன்னோருக்குச் செய்யும் மரியாதையாகும். நிலத்தை ஒருவனுக்குக் கொடுத்துவிடலாம். அந்நிலத்தின் மேல் விருப்பத்தைக் கொடுக்க முடியாது. அது வாடை மழையைப் போல் தானாக வர வேண்டும்.

சொந்தத் தொழில் செய்ய விரும்பும் தம்பதியர்க்கு விசுவமடு கற்பிப்பது இதுவே: வாரத் தவணையில் தொடங்காதீர், ஒரே பயிரில் உயிரை வையாதீர், விளைந்ததைக் காத்திருக்கும் பொருளாக்குங்கள், உழைப்பு இருவருடையதாயின் உரிமையும் இருவருடையதாகட்டும். இத்தனையும் செய்தாலும் மழை பொய்க்கலாம், விலை விழலாம், யானை வரலாம். ஆயினும் தாம் நட்டதைத் தாமே பறிக்கும் இருவருக்கு, ஒவ்வொரு பருவமும் இன்னொரு முறை தொடங்கும் வாய்ப்பைத் தருகிறது. இரு முறை அழிந்தும் இரு முறை எழுந்த இம்மண்ணுக்கு அந்தப் பாடம் புதிதன்று.